இரண்டு தடவை ஒட்டியது

பிப்ரவரி 3

பழைய தபால்தலை வாங்கி விற்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நமக்குள் முன்பின் பழக்கமில்லை. போன மாதம் எங்கள் அப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது, இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் பதினோரு செருப்புப் பெட்டிகளையும் நீங்கள் மொத்தமாக வாங்கிப் போனதாகச் சித்தப்பா சொன்னார். உங்கள் கடைச் சீட்டில் ஃபோன் நம்பர் இல்லாததால் எழுதுகிறேன். விற்றதில் எனக்கு வருத்தமில்லை. அப்பா நவம்பரில் இறந்தார். நான் வேறு ஊரில் வேலையில் இருக்கிறேன். யாராவது செய்துதானே ஆகவேண்டும். பொருளைத் திருப்பிக் கேட்கவோ விலை பேசவோ இதை எழுதவில்லை, பயப்படாதீர்கள்.

அப்பா ஒரு கம்பெனியில் தபால் பிரிவு குமாஸ்தா. கம்பெனிக்கு வந்த காலி உறைகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கட்டிலில் மனுஷர் உட்கார முடியாது, தபால்தலைகள் காய்ந்துகொண்டிருக்கும். தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும்வரை அவருக்குப் பொறுக்காது. காலையில் தானே அஞ்சலகத்துக்குப் போய் எங்கள் வீட்டுத் தபாலை வாங்கி வந்துவிடுவார். வீட்டுக்கு வந்த எந்தத் தபாலையும் அவருக்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை.

வீடு காலி செய்தபோது கூட இருந்த பக்கத்து வீட்டு அம்மா நேற்று எனக்கு ஃபோன் செய்தார். "ஒரு செருப்புப் பெட்டி நெறைய ஒட்டின கவரா இருந்துச்சும்மா. ஒண்ணுகூடப் பிரிக்கல. எல்லாத்துலயும் உன் பேருதான், ஒரே கையெழுத்து" என்றார். சித்தப்பாவைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், எல்லாம் ஒரே குப்பை" என்கிறார்.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். பதிமூன்று வருடங்களுக்கு முன், அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். எனக்கு அப்போது பதினேழு வயது. போகும்போது, "மாசாமாசம் எழுதுறேன்" என்றாள். ஒரு கடிதமும் வரவில்லை. வரவில்லை என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பெட்டி உங்களிடம் இருக்கிறதா? கடிதங்கள் வேண்டும். அது முடியாவிட்டால் உறையின் பின்னால் இருக்கும் அனுப்புநர் முகவரி மட்டுமாவது வேண்டும். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்த வீட்டின் இளைய மகள்


பிப்ரவரி 10

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தந்தையார் மறைவுக்கு என் அனுதாபங்கள்.

நான் வாங்கியது தபால்தலைகள் மட்டுமே. வெட்டியவையும் வெட்டாதவையுமாகக் கலந்து இருந்தன. எல்லாம் கம்பெனி உறைகள். தனிப்பட்ட கடிதம் எதுவும் என்னிடம் இல்லை. முப்பது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். இறந்தவர் வீட்டுக் காகிதம் எதையும் படிப்பதில்லை என்பது என் கொள்கை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தங்கள் பக்கத்து வீட்டு அம்மா வேறு ஏதாவது பெட்டியைப் பார்த்திருக்கலாம். வயதானவர்கள் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்வது உண்டு.

செருப்புப் பெட்டிகள் வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். தாங்கள் வைத்த உறையை நான் உபயோகிக்கவில்லை. இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தபால்தலை வியாபாரி


பிப்ரவரி 19

ஐயா,

உடனே பதில் எழுதியதற்கு நன்றி. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. ஆனாலும் தப்பாகப் பார்த்திருக்கலாம்தான்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. இது வேடிக்கையாக இருக்கும் உங்களுக்கு. கடிதம் கிடைக்க வேண்டும் என்று கேட்டவள், கிடைக்கவில்லை என்றதும் நிம்மதி என்கிறாளே என்று. அக்கா எழுதவே இல்லை என்றால், நான்கு வருடத்துக்கு முன் நான் அவளிடம் நடந்துகொண்ட விதம் நியாயம்தான். அதை உங்களிடம் விவரமாகச் சொல்லப்போவதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தவளுக்கு என்ன கிடைக்கவேண்டுமோ அது கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் ஃபோன் வந்ததிலிருந்து கண்ணே மூடவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

ஒன்றே ஒன்று. அக்காவுக்குத் தபால்தலையின் பசைமேல் நம்பிக்கை கிடையாது. நாக்கால் நனைத்த பிறகும், மாவுப் பசையை ஒரு பூச்சு பூசித்தான் ஒட்டுவாள். எதையும் அவள் இரண்டு தடவை ஒட்டுவாள். "ஊற வச்சா வழவழன்னு வருது, தலையே பாழாப்போகுது" என்று அப்பா கத்துவார். அப்படி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் எழுதுங்கள். பட்டிருக்காது. எனக்கே தெரியும்.

செருப்புப் பெட்டிகள் வேண்டாம்.

இளைய மகள்


மார்ச் 2

அம்மா,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன் என்று ஒரு வரி எழுதினீர்களே, அது என் தூக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அந்தப் பெட்டி என்னிடம்தான் இருந்தது.

என் வேலை எப்படி என்று சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும். உறைகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். தபால்தலை ஒட்டிய மூலையை, சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுக் கத்தரிப்பேன். மூலை கூடைக்குப் போகும், மிச்ச உறை சாக்குக்குப் போகும். பிறகு மூலைகளைப் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பேன். அரைமணி நேரத்தில் தலை தானாகக் காகிதத்தை விட்டு நழுவும். இடுக்கியால் எடுத்துச் செய்தித்தாளில் கவிழ்த்துப் போடுவேன். வர்ண உறைகளை மட்டும் ஊறவைக்காமல் தனியாக ஒதுக்குவேன். அவற்றின் சாயம் இறங்கினால் பேசினில் கிடக்கும் அத்தனையும் கெட்டுவிடும். சாக்கு சனிக்கிழமை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். எப்போது பார்த்தாலும் கை நனைந்திருப்பதால் சந்தையில் என்னை ஈரக்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

கம்பெனி உறைகள் காலி உறைகள். உங்கள் அக்காவின் உறைகள் கனமாக இருந்தன. ஒட்டியது ஒட்டியபடி, உள்ளே கடிதத்தோடு. முதல் உறையில் கத்தரிக்கோல் பாதியில் நின்றது. திருப்பிப் பார்த்தேன். உங்கள் பெயரைப் பார்த்தேன். அடுத்ததிலும் அதே பெயர், அதே கையெழுத்து. அப்போதே எடுத்துத் தனியாக வைத்திருக்கவேண்டும். உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்தவர் கடிதம் நமக்கு எதற்கு என்று சொல்லிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தி வெட்டினேன். அன்றைக்கு முழுக்க வெட்டினேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே பேப்பர் கடைக்கு ஓடினேன். லாரி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "மில்லுக்குப் போனது இந்நேரம் கூழாயிருக்கும். இனிமே நோட்டுப் புத்தகமாத்தான் திரும்பி வரும்" என்று கடைக்காரர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து உங்களுக்குப் பொய் எழுதினேன். 'என்னிடம் இல்லை' என்று எழுதினால் அது பொய் ஆகாதே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

மாவுப் பசை உண்மை. அன்றைக்குப் பேசின் தண்ணீர் முழுக்க வழவழவென்று ஆகிவிட்டது. எந்தப் புண்ணியவானோ இரண்டு தடவை ஒட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே தண்ணீரை மாற்றினேன். உங்கள் அக்கா எழுதினார்கள் அம்மா. நிறைய எழுதினார்கள்.

தலைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, மற்ற ஆயிரக்கணக்கான தலைகளோடு கலந்து. பிரித்துத் தருகிறேன். முத்திரை இருப்பதால் ஊராவது தெரியும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஈரக்கை


மார்ச் 11

ஸ்டாம்புக்காரரே,

ஐயா என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கொள்கையைக் கொண்டுபோய் அந்தப் பேசினிலேயே ஊறப்போடுங்கள். படித்திருந்தால்தான் என்ன? நாலு வரி படித்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? படித்திருந்தால் ஒருவேளை உங்கள் கை நின்றிருக்கும். எங்கள் அப்பா ஒளித்துவைத்தார். அவரை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் அவர்கூட ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாரே!

அக்கா எழுதவில்லை என்று எனக்கு நிம்மதி கொடுத்தவரும் நீங்கள்தான். அதைப் பிடுங்கிக்கொண்டவரும் நீங்கள்தான். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் அனுப்புங்கள். ஒன்று விடாமல். மறுபடியும் எழுதுகிறேன், ஒன்று விடாமல். மன்னிப்புக் கடிதம் வேண்டாம்.


மார்ச் 30

அம்மா,

மன்னிப்புக் கேட்கவில்லை. பொட்டலத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

தேதி வரிசையில் தாள்களில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் முத்திரையில் உள்ள தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஊறவைத்தவை எண்பத்திரண்டு. ஊறவைக்காதவை பத்தொன்பது. என்னால் அனுப்ப முடிந்தவை இவ்வளவுதான்.

முதலில் முத்திரையை வைத்துப் பிரித்தேன். எல்லாம் ஒரே அஞ்சலகம், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊர். ஊர் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். முத்திரையில் ஊர் பெயர் சரியாக விழாதவற்றை மாவுப் பசையை வைத்துக் கண்டுபிடித்தேன். எத்தனை அலசினாலும் அந்தப் பசை முழுதாகப் போவதில்லை. தலையைக் கவிழ்த்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் வெளுப்பாகத் தெரிகிறது. என் இடது கண் இப்போது சரியில்லை, அதனால்தான் நாலு வாரம் ஆயிற்று.

இன்னொன்றையும் கவனித்தேன். சாதாரணமாக ஜனங்கள் ஒரே தலையில் பத்து வாங்கி வைத்துக்கொண்டு ஒட்டுவார்கள். இந்த நூற்றொன்றில் ஒரே மாதிரி இரண்டு கிடையாது. பறவை, ரயில் எஞ்சின், கலங்கரை விளக்கம், நெசவுத் தறி என்று ஒவ்வொரு தடவையும் வேறு. கவுண்டரில் நின்று, யாருக்கோ கொடுப்பதற்காகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதுபோல இருக்கிறது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு கட்டு என் கைக்கு வந்ததில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வந்த உறையை ஆறவிடாமல் வெட்டுகிற மனிதர் அவர். பெட்டிகளைப் பார்த்தாலே தெரிகிறது. இதில் ஒன்றைக்கூட அவர் வெட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பத்தொன்பதும் பழுப்பு உறைகள். சாயத்துக்குப் பயந்து ஒதுக்கிவைத்ததால் தப்பின. தலைக்குப் பின்னால் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். மடித்து வைத்த கடிதத்தின் கீழ் மூலையும் கத்தரிக்கோலில் சேர்ந்து வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுகிற மூலை. மற்ற எண்பத்திரண்டின் துணுக்குகள் ஈரக் காகிதத்தோடு போய்விட்டன.

துணுக்குகளைப் படித்தேன். இந்த முறை படிக்காமல் அனுப்ப மனசு வரவில்லை.

கடைசி முத்திரை நான்கு வருடத்துக்கு முன், ஜூன் 6.

ஈரக்கை


ஏப்ரல் 9

ஐயா,

பொட்டலம் வந்தது. சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். எங்கள் அப்பா வீடு மாதிரியே ஆகிவிட்டது.

யாருக்காகப் பொறுக்கினாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு லஞ்சம் அது. கடிதம் எனக்கு, தபால்தலை அவருக்கு. தலையை எடுத்துக்கொண்டு கடிதத்தைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் அப்பாவை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று எப்போதும் சொல்லிக்கொள்வாள். பாவம்.

பத்தொன்பது துணுக்குகளையும் வரிசையாக வைத்தேன். ஒன்றில் "நல்லா படி" என்று இருக்கிறது. ஒன்றில் "கோவமா?" ஒன்றில் பாதி வட்டமாக ஏதோ கறை. மற்ற எல்லாவற்றிலும் அக்கா, அக்கா, உன் அக்கா. சிலதில் கத்தரிக்கோல் பாதியை எடுத்துவிட்டது, வெறும் "க்கா" மட்டும் இருக்கிறது.

உங்களிடம் சொல்லமாட்டேன் என்றதை இப்போது சொல்கிறேன். சொல்ல வேறு ஆளில்லை.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கவுண்டரில் சீட்டு எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன், ஜூன் 20, வெள்ளிக்கிழமை, வரிசையில் ஆறாவது ஆளாக அக்கா நின்றாள். கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த நிமிஷத்தில் ஒன்பது வருடக் கோபமும் பொங்கி வந்தது. ஐந்து பேருக்குச் சீட்டு எழுதி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது ஐயா. நன்றாக யோசித்துத்தான் செய்தேன். அவள் முறை வந்ததும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

"பேரு என்ன?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு பேரைச் சொன்னாள். எழுதினேன்.

"வயசு?"

சொன்னாள். எழுதினேன்.

"எந்தப் பல்லு?"

"தெரியல" என்றாள்.

தெரியவில்லை என்றே எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். "போய் உக்காருங்க" என்றேன். என்னைத் தூக்கி வளர்த்த அக்காவை, உக்காருங்க என்றேன்.

என் கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் தலையைத் தூக்கவே இல்லை. பிறகு டாக்டர் வெளியே வந்து, "இப்ப வந்துட்டுப் போனாங்களே, அந்தம்மாவுக்குப் பல்லுல ஒண்ணுமே இல்லியே, எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன். எங்கள் சீட்டில் முகவரி எழுத இடம் கிடையாது. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஜூன் 6 கடைசிக் கடிதம், ஜூன் 20 நான் பேர் கேட்டேன். அதற்குப் பிறகு முத்திரையே இல்லை. ஒன்பது வருடம் பதில் வராமலே எழுதினவள், என் ஒரு கேள்வியில் நிறுத்திவிட்டாள்.

ஊர் பெயர் எழுதிய சீட்டை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். நான் போகப்போவதில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? உங்களைக் கண்டபடி பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உறையைத்தான் வெட்டினீர்கள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

இத்தோடு முடித்துக்கொள்வோம்.

இளைய மகள்


ஏப்ரல் 16

அம்மா,

முடித்துக்கொள்ள முடியாது. ஒன்று விடாமல் என்று இரண்டு தடவை எழுதினீர்கள். நான் ஒன்றை விட்டேன்.

இத்துடன் தடித்த அட்டைக்குள் வைத்திருக்கிறேன். கடலில் ஒரு படகு இருக்கும் தலை அது. அச்சடிக்கும்போது நீலம் விழவில்லை. கடல் இல்லை, படகு மட்டும் வெறும் வெள்ளையில் நிற்கிறது. இப்படி அச்சுப் பிழையோடு ஒன்று தப்பி வெளியே வருவது எங்கள் தொழிலில் ஆயுளுக்கு ஒரு தடவை நடந்தால் பெரிது. எனக்கு நடந்தது. உங்கள் அக்காவின் கட்டுக்குள், கடைசி உறையில். வெட்டிய பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து என் சொந்த ஆல்பத்தில் இருந்தது.

என் இடது கண்ணில் புரை. வலதிலும் ஆரம்பித்துவிட்டது. இந்தத் தொழிலுக்குக் கண்தான் மூலதனம். நல்ல ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சரி செய்துகொள்ள இந்த ஒரு தலை போதும் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. உங்களுக்குப் பொட்டலம் கட்டியபோது இதை எடுத்து வைத்தேன், திரும்ப ஆல்பத்தில் செருகினேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் 'அனுப்ப முடிந்தவை இவ்வளவுதான்' என்று எழுதினேன். மறுபடியும் அந்தப் பழைய வக்கீல்தான்.

இதன் முத்திரையைப் பாருங்கள். தெளிவாக விழுந்திருக்கிறது. போன வருடம் செப்டம்பர் 14. அதே அஞ்சலகம். உங்கள் கவுண்டருக்கு வந்துபோய் மூன்று வருடத்துக்கும் மேல் ஆன பிறகு எழுதியது. அப்பா இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால்.

நான் இதை ஊறவைக்கவில்லை. விலை குறைந்துவிடக் கூடாது என்ற பேராசைதான் காரணம், வேறு நல்ல எண்ணம் எதுவும் கிடையாது. அதனால் பின்னால் துணுக்கு அப்படியே இருக்கிறது. நான் சொல்வதைவிட நீங்களே பாருங்கள். நீங்கள் பேர் கேட்ட பிறகும் அவர்கள் என்னவென்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் ஏப்ரல் 9 கடிதம் வராமலிருந்தால் இதை விற்றிருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பாளருக்கு வரவேண்டாம் என்று எழுதிவிட்டேன். கண்ணுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சீட்டை இழுப்பறையிலிருந்து எடுங்கள் அம்மா. எனக்காகக் கேட்கவில்லை. இல்லை, கொஞ்சம் எனக்காகவும்தான் கேட்கிறேன்.

ஈரக்கை


மே 5

ஐயா,

அட்டையைப் பிரித்தேன். "உன் அக்கா" என்று முழுதாக இருந்தது. ஒரு எழுத்துகூட வெட்டுப்படவில்லை. அன்று மாலையே லீவு எழுதிக் கொடுத்தேன்.

பாலத்தை ஒட்டிய அந்த அஞ்சலகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர். கவுண்டரில் இருந்தவரிடம், மாதா மாதம் வந்து விதவிதமாகத் தபால்தலை வாங்குகிற ஒரு அம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன். "புதுசா என்ன வந்திருக்குன்னு தாளையெல்லாம் புரட்டிப் பாத்து உயிரை எடுப்பாங்களே, அவங்களா? பாலத்துக்கு அந்தப் பக்கம் தையல் கடை" என்றார்.

சின்னக் கடை. ஒரு மிஷின், ஒரு மேசை, ஒரு பெஞ்சு. அக்கா மேசைக்குப் பின்னால் நின்று துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரைத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஆர்டர் எழுதும் நோட்டை எடுத்துப் பிரித்தாள், பேனாவைத் திறந்தாள்.

"பேரு என்ன?" என்றாள்.

சொன்னேன். எழுதினாள்.

"வயசு?"

"முப்பது."

எழுதினாள்.

"எந்தப் பல்லு?"

"தெரியலக்கா" என்றேன்.

"போய் உக்காரு" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் மிஷினில் போய் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். வருகிறவர்கள் வந்தார்கள், அளவு கொடுத்தார்கள், போனார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மணி நேரம் இருக்கும், கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு மிஷின் நின்றது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு லெட்டர்கூடவா படிக்கல?"

"இல்லக்கா. ஒண்ணுகூட வரல. வந்திருக்கு, ஆனா என் கைக்கு வரல." உளறி உளறி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, செருப்புப் பெட்டி, நீங்கள், கத்தரிக்கோல், பேப்பர் கடை லாரி. அவள் கேட்டுக்கொண்டே தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ எல்லாத்தையும் மொதல்லேருந்து சொல்லணுமா?" என்றாள்.

"சொல்லு" என்றேன்.

சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று இரண்டாவது வருடம் முடிந்தது. பாதி அவளுக்கே ஞாபகமில்லை. இருக்கிற பாதியில் என்னைத் திட்டுவது நிறைய வருகிறது. அதற்கும் உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

படகுத் தலையைக் காட்டினேன். யாரோ சொல்லி என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்துபோன பிறகு மூன்று வருடம் எழுதவே கூடாது என்று இருந்தாளாம். போன செப்டம்பரில் கவுண்டரில் இந்தத் தலை கண்ணில் பட்டது. கடல் இல்லாததை உடனே பார்த்துவிட்டாள், அப்பா வளர்த்த கண் இல்லையா. "இதைப் பாத்தா அந்த மனுஷன் விடவே மாட்டாரு, பிரிச்சே ஆவாருன்னு நெனச்சேன்" என்றாள். அப்பாவும் நிச்சயம் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, வெட்டாமல் பெட்டியில் வைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் அக்கா அந்தத் தலையை அட்டைக்குள் வைத்து மூடினாள். நான் அவரை எப்படி நினைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்காவுக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. "நூத்தி ரெண்டு லெட்டர்! அந்தாளு கை நோகலியா?" என்று கேட்டாள். நோகத்தான் நோகிறது என்று சொன்னேன். இன்று காலை அவளாகவே, "கண்ணு எப்ப ஆபரேஷனாம்?" என்று கேட்டாள். தேதி தெரிந்தால் எழுதுங்கள்.

இந்த உறைக்கு அவள்தான் தலை பொறுக்கி வாங்கினாள். இரண்டு தடவை ஒட்டியிருக்கிறாள். பின்பக்கம் அனுப்புநர் முகவரியும் அவளே எழுதியது. இதை வெட்டிவிடாதீர்கள்.

தங்கை